வென்றார்க்கு மறுக்கப்பட்ட இருக்கை

கலிபோர்னியாவில் வெசுட்டுமோர்லாந்து என்பதோர் உழவூர். 1950-இல் அவ்வூர் மக்கள் தம் சிறுவழக்கு நடுவராகத் தலீப்சிங் சவுந்து என்பாரைத் தேர்ந்தெடுத்தனர். வென்றும் அவர் இருக்கையில் அமரவில்லை. குடியுரிமை பெற்று ஓராண்டு நிரம்பவில்லை எனக் கூறி அவரை விலக்கினர். முப்பதாண்டு அந்நாட்டிலேயே வாழ்ந்தவர்க்குக் குடியுரிமை கிடைத்து ஓராண்டும் ஆகாதது ஏன்?

சவுந்து 1899-இல் பஞ்சாபுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்த சீக்கியர். உணவுப் பொருள்களைக் கெடாது காக்குந் தொழில் கற்கக் கருதி 1920-இல் அமெரிக்கா சென்றவர், பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற் கணக்கியலிற் புகுந்து, 1924-இல் பண்டாரகர் பட்டமும் பெற்றார். பட்டம் பெற்ற கையோடு அவர் ஏற்ற வேலையோ, இம்பீரியல் பள்ளத்தாக்கின் கொடுவெயிலிற் பருத்தி எடுப்பாரை மேற்பார்ப்பது! பின்னர்க் கீரையும் தீவனப்புல்லும் பயிரிட்டார். ஆனால் தம் பெயரில் ஒரு காணி நிலமும் வாங்கவியலாது. குடியுரிமைக்குத் தகுதியற்றார் நிலமுடையராதலைக் கலிபோர்னியாச் சட்டம் தடுத்திருந்தது.

அத் தகுதியின்மை வந்த வகையைத் தமிழர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அந்நாட்டிற் குடியேறியவருள் வெள்ளையர்க்கும் ஆப்பிரிக்க மரபினர்க்குமே அன்று குடியுரிமை. அமெரிக்கப் படையிற் பணியாற்றிய பகத்சிங் திண்டு என்பார், தாம் மேற்குலத்து ஆரியர், ஆதலால் வெள்ளையரே என வழக்காடினார். நம் நாட்டுப் பழங்குடிகளினின்று தாம் வேறானவர் என்பதும் அவர் சார்பில் உரைக்கப்பட்டது. 1923-இல் உச்சமுறைமன்றம் அதனை மறுத்தது. பொதுமக்கள் வழக்கில் யார் வெள்ளையரோ அவரே வெள்ளையர் என்றது. இங்கே பல்லாயிரவரைத் தாழ்த்த உதவிய ஆரியப் பட்டயம் அங்கே செல்லாக் காசாயிற்று. அத் தீர்ப்பின் சுமையோ, அவ்வாறு உரிமை கோராத இந்தியர் அனைவர் தலையிலும் விழுந்தது.

சவுந்து வேறு வழி சென்றார். 1942-இல் அங்குள்ள இந்தியரை ஓர் அமைப்பாகத் திரட்டிச் சட்டத்தையே மாற்றக் கோரினார். 1946 சூலையில் துரூமன் கையொப்பமிட்ட சட்டம் இந்தியர் குடியுரிமை பெற இடந்தந்தது. புதிதாகக் குடியேற ஆண்டிற்கு 100 பேரை ஏற்றது. நூறு என்பது பிச்சையினும் சிறிது. ஆயினும் அதனைப் பெற யாரும் வெள்ளையராக வேடம் பூண வேண்டியிருக்கவில்லை. 1949 திசம்பரில் சவுந்து குடிமகனானார்.

வெற்றி பறிக்கப்பட்டவர் 1952-இல் மீண்டும் நின்று நடுவரானார். வழக்குமன்றத்திற்கு வருவோர்க்குத் தலைப்பாகையை நீரே தருவீரோ என ஒருவர் எள்ளியபோது, தலைமேல் இருப்பதன்று, தலைக்குள் இருப்பதே தமக்குப் பொருட்டு என விடையிறுத்தார்.

1956-இல் மக்களாட்சிக் கட்சியின் சார்பில் அமெரிக்கப் பேராயத்தின் கீழவைக்குப் போட்டியிட்டார். அவ்வவைக்கு ஏழாண்டுக் குடியுரிமை வேண்டும். அதனைக் காட்டித் தடுக்கவும் முயன்றனர். 1957 சனவரியில் அவை கூடுகையில் ஏழாண்டு கடந்து சில நாள்களே ஆகியிருந்தன! ஒலியினும் விரைந்து பறந்த முதற் பெண்மணியாகிய சேக்குலின் காக்கிரனை எதிர்த்து நின்று அவர் வென்றார். ஆசியாவிற் பிறந்தார் ஒருவர் அவ்வவையில் வாக்குரிமையுள்ள உறுப்பினரானது அதுவே முதன்முறை.

மும்முறை வென்றவர், 1962-இல் மூளை நோயால் நடையும் பேச்சும் தளர்ந்து, அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார், 1973-இல் மறைந்தார். இந்திய மரபினர் இன்னொருவர் அவ்வவையில் அமர்ந்தது 2005-இல்.