சுவரில் தொங்கும் மருந்தாளுநர்

‘சுயமருத்துவம்’ என்ற சொல்லை நம் ஆய்வுலகம் சிறிது காலம் ஒதுக்கி வைத்தால் நல்லது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கிருமிகள் பணிய மறுப்பது குறித்து எழுதப்படும் கட்டுரைகளில், பெரும்பாலும் முதல் குற்றவாளி நோயாளியின் அறியாமைதான். சீட்டின்றி மருந்து கேட்டவரைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறோம். சீட்டின்றி எடுத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை.

மருத்துவர் எழுதிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டம், 42ஆம் பிரிவு. நடைமுறையில் என்ன? சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அதற்கு உரியவர் வேறோர் ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். மாதந்தோறும் வாடகை மட்டும் அவருக்குப் போய்ச் சேர்கிறது. கடையில் நிற்பவர் பெட்டியின் நிறத்தாலும் அலமாரியின் வரிசையாலும் மருந்தை அறிந்த ஓர் இளைஞர். அவர்மீது எனக்குக் குறையில்லை. குறைந்த சம்பளத்துக்குப் பிறருடைய பொறுப்பைச் சுமப்பவர் அவர்.

ஆனால் மருந்து இரக்கம் பார்ப்பதில்லை. முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மஞ்சை ஒடுங்கி உயிருக்கே ஆபத்தாகும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. கிறுக்கலான கையெழுத்தில் இரண்டும் ஒன்றே. அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை தருகிறார்களே, அந்தத் துண்டில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இல்லாமற் போகலாம் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் செபிக்சிம், டிரமடால், அல்பிரசோலம் முதலியன உள்ளன. இவற்றை விற்கும்போது மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். மருந்தாளுநரே இல்லாத கடையில் அந்த ஏட்டை நிரப்புவது யார்? ஆய்வாளர் வரும் செய்தி கிடைத்ததும் ஒரே இரவில், ஒரே மையில் நிரம்பும் ஏட்டை ஆவணம் என்று அழைப்பது ஆவணங்களுக்கு அவமதிப்பு.

கடைக்காரர்களிடம் பதில் இருக்கிறது, அதைப் புறந்தள்ள முடியாது. விலைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளின் உச்சவரம்பு விலையில் சில்லறை வணிகருக்காகச் சேர்க்கப்படுவது 16 விழுக்காடு. அதற்குள் வாடகை, மின்கட்டணம், இன்சுலினுக்கான குளிர்பெட்டி, தள்ளுபடிப் போட்டி எல்லாம் அடங்க வேண்டும். பிரிட்டனில் மருந்து வழங்கும் பணிக்கென்றே தேசிய சுகாதாரச் சேவை கட்டணம் தருகிறது. அத்தகைய ஏற்பாட்டை இங்கும் கோரட்டும், நானும் உடன் நிற்கிறேன். சான்றிதழை வாடகைக்கு எடுத்துவிட்டு வறுமையைக் காரணம் காட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

நம் விதிகளும் எந்தக் காலத்தில் வாழ்கின்றன என்று பாருங்கள். மருந்துக் கலவை செய்யும் மருந்தகத்துக்கான குறைந்தபட்சக் கருவிகளைச் சொல்லும் ‘என்’ அட்டவணையில் தக்கை, லிட்மஸ் தாள், சாராய விளக்கு, மாத்திரை உருட்டும் கருவி ஆகியவை உள்ளன. அங்காடிகளில் நடக்கும் வேலையோ அட்டையை எடுத்துத் தருவது.

2022 நவம்பரில் பீகார் வழக்கொன்றில், பதிவுபெற்ற மருந்தாளுநரின்றி மருந்தகங்கள் இயங்குவதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அது பீகாரின் நோய் மட்டுமன்று. பட்டயம் முடித்த மாணவர் சான்றிதழை அடகு வைப்பதுபோல் ஒப்படைத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போவதை மருந்தியல் கல்லூரிகளில் அறியாத ஆசிரியர் உண்டா? அதைப் பற்றிய ஆய்வேடு எங்கே?

சுயமருத்துவம் குறித்து அடுத்த வினாநிரலைத் தயாரிக்கும் நண்பர்கள், நோயாளியின் கல்வித் தகுதியைக் கேட்கும் கட்டத்துக்கு அருகிலேயே, மருந்தைக் கையில் கொடுத்தவரின் தகுதிக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். சுவரில் உள்ள பெயரும் கொடுத்தவரின் பெயரும் ஒன்றா என்பதற்கு இன்னொன்று.