எல்லாருமே ஃபர்ஸ்ட் ரேங்க்!

வகுப்புல எல்லாருமே ஃபர்ஸ்ட் ரேங்க்னா பசங்க மேல சந்தேகம் வராது, பேப்பர் திருத்தின வாத்தியார் மேலதான் வரும். ஜெர்மனியில பத்து வருஷம் அப்படி ஒரு கூத்து நடந்தது. பள்ளிக்கூடத்துல இல்லை மக்களே, முதியோர் பராமரிப்பு இல்லங்கள்ல.

இங்கே 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு கட்டாயம். என்னை மாதிரி மாணவர்களும் மாசாமாசம் கட்டறோம். அந்தப் பணம் போய்ச் சேருற இல்லங்கள்ல பத்துக்கு நாலு, லாபத்துக்கு நடத்தற தனியார் இல்லங்கள். ஊர்ப்பணம் போற இடத்துல வேலை ஒழுங்கா நடக்குதான்னு பாக்கணுமே? அதுக்காக 2009ல மதிப்பெண் முறை கொண்டு வந்தாங்க. ஜனங்க அதுக்கு வெச்ச பேர் 'ப்ஃப்ளேகெ ட்யூஃப்'. ட்யூஃப்னா இங்கே காருக்கு எஃப்.சி. பாக்கறவங்க :-)

ஜெர்மன் கணக்குல 1தான் உச்ச மதிப்பெண். நாடு முழுக்க சராசரி எவ்வளவு வந்தது தெரியுமா? சுமார் 1.2!

காரணம் ரொம்ப சிம்பிள். சோதனைக்கு வந்தவங்க பெரும்பாலும் பாத்தது ஏட்டை. படுக்கைப்புண் வராம இருக்க என்ன செஞ்சீங்கன்னு எழுதி வெச்சிருந்தா மார்க். அதோட எல்லாத்தையும் கூட்டி சராசரி வேற. சாப்பாட்டுப் பட்டியல் படிக்கிற மாதிரி எழுதியிருக்கான்னு கூட ஒரு கேள்வி உண்டு. புண்ணுல விட்டதை மெனு கார்டுல பிடிச்சுடலாம்!

2019ல இந்த முறையைத் தூக்கிட்டாங்க. இப்போ ஆறு மாசத்துக்கு ஒருமுறை இல்லங்களே தரவு அனுப்பணும்: யாருக்குப் படுக்கைப்புண், யார் விழுந்து அடிபட்டாங்க, யாருக்கு எடை குறைஞ்சது, யாரைப் பட்டை போட்டுக் கட்டினாங்க. திருடன் கையிலேயே சாவியான்னு கேப்பீங்க. அதுக்குத்தான் ஒரு பூட்டு: சோதனைக்கு வரவங்க 9 பேரை நேர்ல பாத்து, அதுல 6 பேரோட நிலையை அனுப்பின தரவோட ஒப்பிடறாங்க. அந்த 6 பேரைத் தேர்ந்தெடுக்கறது இல்லம் இல்லை, தரவு மையம்.

நல்ல யோசனை. ஆனா போதாது. ஒரு கணக்கு போடுவோம். 100 பேர் இருக்கிற இல்லத்துல 4 பேரோட புண்ணை மறைச்சுட்டாங்கன்னு வெச்சுக்குங்க. குலுக்கல் முறையில 9 பேரை எடுத்தா, 100க்கு 68 தடவை அந்த 4 பேர்ல ஒருத்தர் கூட மாட்ட மாட்டாங்க.

என் கருத்து இதுதான்: கொடுக்கறவரோட தரவை அவரோட ஏட்டை வெச்சே சரிபாக்கறது சோதனையே இல்லை. அவர் கை படாத இன்னொரு ஏடு வேணும். அது ஏற்கனவே இருக்கு. பாட்டி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சதை இல்லம் எழுதாம விடலாம், ஆனா ஆஸ்பத்திரி பில் போடாம விடுமா? அந்த பில் காப்பீட்டு நிறுவனத்துக்கிட்ட இருக்கு. ஏ.ஓ.கே. காப்பீட்டோட ஆய்வு நிறுவனம் 2023ல இந்த மாதிரி பில்களை வெச்சு மாவட்ட வாரியா பராமரிப்புத் தரத்தை வெளியிட்டது. அதையே இல்லம் வாரியா செஞ்சு, இல்லம் அனுப்பின எண்ணுக்குப் பக்கத்துல போடுங்க. அப்புறம் பாக்கலாம் எத்தனை பேர் ஃபர்ஸ்ட் ரேங்க்னு.

நம்மூர்லயும் இதே கதைதான். அரசுக் காப்பீட்டுப் பணம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல 9999999999ங்கற ஒரே செல்பேசி எண்ணுல சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் இருக்காங்கன்னு 2023ல சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னப்போ எல்லாரும் சிரிச்சோம். பயனாளியைச் சரிபாக்க செல்பேசி எண் பயன்படறதில்லைன்னு அரசு விளக்கம் கொடுத்தது. இருக்கட்டும். இந்த மாதிரி அழுக்குத் தரவு தானே மாட்டிக்கும். பத்து இலக்கமும் ஒழுங்கா, எல்லாக் கட்டமும் நிரம்பி, சராசரி 1.2ன்னு வருதே, எனக்கு பயம் அதைப் பாத்துதான்.

காப்பீட்டு அட்டையில சிகிச்சை எடுத்தவங்க யாராச்சும் இருந்தா ஒண்ணு சொல்லுங்க: டிஸ்சார்ஜ் ஆனப்போ உங்க பேர்ல ஆஸ்பத்திரி என்னென்ன எழுதி அனுப்பிச்சுதுன்னு உங்களுக்கு யாராவது காட்டினாங்களா?