விளையாட்டரங்கும் சிறைக்கூடமும்

உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் வந்துவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றில் நள்ளிரவு கடந்தும் விளக்கு அணைவதில்லை. பிள்ளைகளைக் கடிந்துகொள்ள இதை எழுதவில்லை; நாமும் விழித்திருந்து பார்ப்பவர்களே. ஆயினும் 1978-ஆம் ஆண்டுப் போட்டியை நினைக்கையில் நம் உள்ளம் வேறோர் இடத்திற்குச் சென்றுவிடுகின்றது.

அப்போட்டியை நடத்தும் உரிமை 1966-லேயே அர்ஜென்டினாவுக்கு அளிக்கப்பட்டிருந்தது. 1976 மார்ச் 24 அன்று ஜெனரல் விடேலாவும் அவருடைய கூட்டாளிகளும் ஆட்சியைக் கைப்பற்றினர். அதன்பின் மனிதர்கள் 'காணாமற்போயினர்'. இரவில் வீடு புகுந்து இழுத்துச் செல்வார்கள். கேட்டால், அப்படி ஒருவர் எம்மிடம் இல்லை என்பார்கள். 1984-இல் விசாரணைக் குழு பதிவு செய்தவர்கள் மட்டும் 8,961 பேர். மனித உரிமை அமைப்புகள் கூறும் தொகை 30,000.

பெற்ற பிள்ளைகளைத் தேடிய அன்னையர், வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, வியாழன்தோறும் தலைநகரின் மே சதுக்கத்தைச் சுற்றி நடந்தனர். 1977 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். திருச்சிலுவை ஆலயத்திலிருந்து வெளிவந்த அவ்வன்னையர் இருவரையும், அவர்களுக்குத் துணைநின்ற பிரெஞ்சு அருட்சகோதரி ஆலிஸ் தோமோனையும் கடற்படையினர் பிடித்துச் சென்றனர். இரு நாளில் அருட்சகோதரி லியோனி டுகேயும் பிடிபட்டார். விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்ட அவருடைய எலும்புகள் 2005-இல்தான் அடையாளம் காணப்பட்டன. அந்நாட்டு ஆயர்கள் பலர் வாய் திறக்கவில்லை. இதை எழுத நமக்குக் கூசுகின்றது. எழுதாது விடுவதும் முறையன்று.

அவர்கள் அடைக்கப்பட்டிருந்த இடம் கடற்படை இயந்திரவியல் பள்ளி. இறுதி ஆட்டம் நடந்த மொனுமென்டல் அரங்கம் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது. கோல் விழுந்தபோது எழுந்த ஆரவாரம் அடுத்த ஆண்டு ஜூனில் அங்கிருந்த கைதிகளின் செவிகளிலும் விழுந்தது.

தொடக்க விழா நடந்த ஜூன் 1-ஆம் நாளும் வியாழக்கிழமையே. ஹாலந்துத் தொலைக்காட்சியினர் சதுக்கத்திற்குச் சென்று அன்னையரைப் படம்பிடித்தனர். அதனால்தான் உலகம் அவர்கள் முகங்களைக் கண்டது.

ஜூன் 25 அன்று அர்ஜென்டினா 3-1 என ஹாலந்தை வென்றது. கெம்பெஸ் இரு கோல்கள் அடித்தார். கோப்பையை விடேலாவே எடுத்து வழங்கினார். தெருவெல்லாம் ஆடிப் பாடிய மக்களை நாம் பழிக்கத் துணியோம். பிள்ளையைப் பறிகொடுத்தோரும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர்.

அன்றிரவு சிறைக்காவலர்கள் கைதிகள் சிலரைக் கொண்டாட்டம் பார்க்கவென்று காரில் அழைத்துச் சென்றனர். ஒரு பெண், காரின் கூரைத் திறப்பின் வழியே எழுந்து நின்று பார்த்தார். 'நான் காணாமற்போனவள்' என்று கத்தினாலும் அக்கூட்டத்தில் எவர் செவியிலும் விழாது என்று அப்போது உணர்ந்ததாகப் பின்னாளில் அவர் சாட்சி கூறினார். அன்று அவர் கத்தவில்லை. கார் மீண்டும் சிறைக்கே திரும்பியது.