நடராஜருக்குச் சாட்சி சொன்ன புகைப்படம்



போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், அருங்காட்சியகப் பொருட்களைப் பதிவுசெய்யும் முறை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என் தம்பி பேத்தியை ஒருவர் கேலி செய்தார். "பழைய சாமானுக்கு லிஸ்ட் எழுதவா இத்தனை வருஷப் படிப்பு?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் சோழர் காலச் செப்புத் திருமேனியாக ஒரு நடராஜர் இருந்தார். திருடுபோன அவரை, சுபாஷ் கபூரின் நியூயார்க் கடையிலிருந்து 2008-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது. விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே சிலை நாட்டைவிட்டுப் போய்விட்டது என்று காட்டும் காகிதங்களும் கூடவே தரப்பட்டன.

அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கியது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் சிற்பங்களையும் திருமேனிகளையும் படமெடுத்து வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். 1994-இல் ஸ்ரீபுரந்தான் கோயிலில் எடுத்த படத்தில் அதே நடராஜர் இருந்தார்! 1972-க்கு முன்பே போனவர் 1994-இல் கோயிலில் எப்படி இருப்பார்? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார்.

படமெடுத்தவர்கள் திருடனைப் பிடிக்கப் போகவில்லை. ஆய்வுக்காகப் பொறுமையாகப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு முறையும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். அதனால் அச்சு அசல் இன்னொன்று கிடையாது. நல்ல படம் ஒன்று இருந்தால் அடையாளம் காட்டிவிடலாம்.

இதைச் சொல்லும் எனக்கே ஒரு குற்ற உணர்வு உண்டு. எங்கள் ஊர்க் கோயிலில் முழங்கால் உயரத்தில் ஒரு பாவை விளக்கு இருந்தது. ஒருநாள் காணாமல் போயிற்று. புகார் கொடுக்கப் போனபோது, "போட்டோ இருக்கா?" என்றார்கள். போன ஐந்து பேரும் ஐந்து விதமாக அடையாளம் சொன்னோம். வருஷா வருஷம் அதே கோயில் வாசலில் உங்களை நிறுத்தி குரூப் போட்டோ எடுத்தவன் நான். உள்ளே பத்தடி போய் அந்த விளக்கை ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. இன்றுவரை அது கிடைக்கவில்லை.

"சாமியைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். கருவறைக்குள் வேண்டாம். உற்சவர் புறப்பாட்டின்போது, குருக்களிடமும் நிர்வாகத்திடமும் கேட்டுக்கொண்டு எடுங்கள். உயரம், பீடத்து எழுத்து, உடைசல், தேய்மானம், எடுத்த தேதி எல்லாம் குறித்து ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்தில் கொடுங்கள். முகநூலில் மட்டும் போடாதீர்கள், திருடனும் பார்ப்பான்.

இந்த வேலையைத்தான் எங்கள் பேத்தி முறையாகப் படிக்கிறாள். அடுத்த விசேஷத்தில் அவளைப் பார்த்தால், என்ன ஆராய்ச்சி என்று கேளுங்கள். கேலியாக அல்ல, காது கொடுத்து.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்