கழுவ வேண்டாம், புடையுங்கள்

கோப்பு கட்டியவனுக்கு நிலக்கரியில் என்ன வேலை என்பீர்கள். அரசாணை படிக்கத் தெரியுமே, அது போதாதா?

தூரத்து அனல் மின் நிலையங்களுக்குப் போகும் கரியில் சாம்பல் 34 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2014இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கண்டிப்பு செய்தது. 2020 மே மாதம், நாமெல்லாம் ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, அதே அமைச்சகம் அதை நீக்கிவிட்டது. கழுவும் ஆலைகளே மாசு உண்டாக்குகின்றன என்பது ஒரு வாதம். பொய்யில்லை, தாமோதர் நதியைக் கேட்டால் சொல்லும். பிரெஞ்சில் கரி கழுவும் ஆலைக்கும் துணி துவைக்கும் துறைக்கும் 'லவ்வார்' என்று ஒரே பெயர். துறை அழுக்காகிறது என்பதற்காக இனி அழுக்குத் துணியே உடுத்துவோம் என்பது என்ன நியாயம்?

4,000 டன் ஏற்றும் ஒரு சரக்கு ரயிலில் சாம்பல் 40 சதவீதம் என்றால் 1,600 டன் எரியாத மண். ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாரதீப் போய், கப்பலேறி எண்ணூர் வந்து, சாம்பல் குட்டையில் படுத்துக்கொள்கிறது. கூலி நம் மின் கட்டணத்தில்.

தண்ணீரே வேண்டாம் ஐயா. கட்டிக் கரியை ஆட்டும் மேடையில் கொட்டிக் கீழிருந்து காற்று ஊதினால் கல் தங்கும், கரி மேலே மிதந்து ஒதுங்கும். சீனாவில் இது நடப்பில் உள்ளது. நம் வீட்டு முறம்தான், வேறென்ன!

தூள்தான் தகராறு. மாவை முறத்தில் புடைக்க முடியாது, எல்லாம் பறந்துவிடும். கழுவினாலோ தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதை ஆவியாக்கவே கரியின் சூட்டில் ஒரு பங்கு போய்விடும். அதற்கும் வழி உண்டு. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதல்லவா? தூளைச் செம்பில் உரசவிட்டால் கரி நேர் மின்னேற்றம் பெறும், களிமண்ணும் மணலும் எதிர் மின்னேற்றம் பெறும். உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு நடுவே விழவிட்டால் இரண்டும் இரண்டு பக்கம் போகும். ஜெர்மனியில் பொட்டாஷ் உப்பை இப்படித்தான் பிரிக்கிறார்கள். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்துவிடுமே!

ஈரக் கரியில் இது பலிக்காது என்பார்கள். உண்மை. ஆனால் மின் நிலையத்தில் கரியை எப்படியும் சூடான காற்றில் உலர்த்தி, மாவாக அரைத்துத்தான் கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். காய்ந்த மாவு அங்கே தயாராக இருக்கிறது. சுரங்க வாசலில் கட்டிக்குக் காற்று, நிலையத்தில் தூளுக்கு மின்சாரம் என்று ஒரே ஒரு நிலையத்தில் செய்து பார்க்க ஓர் ஆணை போட ஏன் கை வரவில்லை? விலக்கு ஆணை மட்டும் ஊரடங்கிலும் வந்ததே!