பிரசாதமும் முன்பணமும்: காஞ்சியில் கிறித்தவ அறம்

பெரும்பான்மையினரின் வழிபாட்டு மரபே தெருவின் அன்றாடத்தை வகுத்துவைத்திருக்கும் ஓர் ஊரில், சிறுபான்மைச் சமயத்தவர் தம் நெறி பிறழாமல் வாழ்வது எப்படி என்பது காஞ்சிபுரத்துக் கிறித்தவர்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. வைகாசிக் கருடசேவையன்று வரதராஜப் பெருமாளின் புறப்பாட்டுக்கு ஊரே வழிவிட்டு நிற்கும். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைத்த கோயில் இட்லி பக்கத்து வீட்டிலிருந்து வரும். அதை வாங்கலாமா, உண்ணலாமா, குங்குமம் நீட்டினால் என்ன செய்வது என்பவையே பண்பாட்டின் நடுவில் கிறித்தவ வாழ்வு பற்றிய பேச்சில் முன்வரிசையில் நிற்கின்றன. இவை மெய்யான கேள்விகளே. ஆயினும் அறம் இவற்றோடு முடிந்துவிடுகிறது என்று கொள்வது, புதிய ஏற்பாட்டையும் இந்த ஊரின் தொழிலையும் ஒருசேரத் தவறாகப் படிப்பதாகும்.

இதே சிக்கலை முதலில் எதிர்கொண்ட திருச்சபைகளுள் ஒன்று, கோயில்கள் நிறைந்த கிரேக்க வணிக நகரமான கொரிந்துவில் இருந்தது. அங்கே ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்து பிழைத்த பவுல், அந்தச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8 முதல் 10 வரையான அதிகாரங்களில், கோயில் பந்தியில் அமர்வதைத் தடுத்தாலும், சந்தையில் விற்பதையும் பிறர் வீட்டில் பரிமாறுவதையும் விசாரணையின்றி உண்ண இடம் தந்து, உடனிருப்பவரின் மனச்சாட்சி, அதாவது சரி எது தவறு எது என்று ஒருவர் உள்ளம் தரும் தீர்ப்பு, புண்படுமா என்பதையே அளவுகோலாக வைத்தார். அடுத்த அதிகாரத்தில்தான் அவருடைய குரல் கடுமையாகிறது. அங்கே பேசப்படுவது படையல் அன்று, திருவிருந்துக்குக் கூடிய இடத்தில் வசதியுள்ளோர் முந்தி உண்ண, இல்லாதோர் பசித்திருந்த கொடுமை.

தமிழகத் திருச்சபை இந்த வரிசையைப் பலமுறை தலைகீழாக்கியிருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே தவிரச் சமயக் குறிகள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் ரோம் அதை ஏற்றது. நற்செய்தியை ஒரு மக்களின் பண்பாட்டு வடிவங்களுக்குள் வேரூன்றச் செய்யும் பண்பாட்டுமயமாக்கலுக்கு அது முன்னோடி. அந்தத் துணிவு போற்றத்தக்கது. ஆனால் சமூக வழக்கம் என்ற அதே பெயரைச் சொல்லிக்கொண்டுதான் சாதியும் ஆலயத்துக்குள் நிலைபெற்றது. சேர்ந்து உண்டு சாதியைக் கைவிட்டதைக் காட்டாதவரைச் சபையில் ஏற்கலாகாது என்று 1850இல் சென்னை மிஷனரி மாநாடு தீர்மானித்த பின்னரும், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சாதிச் சுவர் 21ஆம் நூற்றாண்டிலும் போராட்டத்துக்குப் பொருளானது.

காஞ்சிபுரத்தில் இந்த அறம் உரசிப் பார்க்கப்படும் இடம், பட்டுச்சேலை நெய்யும் குழித்தறி. கோர்வை என்பது, சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க, இரண்டின் ஊடை இழைகளையும் ஒன்றோடொன்று கோத்துச் செல்லும் நெசவு. மூன்று நாடாக்கள் ஓடுவதால் நெசவாளர் தனியாளாக நெய்ய முடியாது, பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைப் போட்டுத்தர உதவியாள் வேண்டும். பல பத்தாண்டுகள் அந்த இடத்தில் உட்கார்த்தப்பட்டவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை பிள்ளை வேலைக்கு வந்தாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் கூலியோ கடனைத் தீர்க்கப் போதாது. கடனுக்கு ஈடாக உழைப்பைக் கட்டிப்போடும் இந்தக் கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்ததாக அறிவித்து 27 ஆண்டுகள் ஆன பிறகும், இந்தியப் பட்டுத்தொழிலின் குழந்தைக் கொத்தடிமைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. பிறகு குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இன்று அந்த இடத்தில் பல வீடுகளில் நெசவாளரின் மனைவி அமர்கிறார். சேலைக்கு இவ்வளவு என்று பேசும் கூலி ஒன்றே, உழைப்பவர் இருவர்.

கூலியாளின் அன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை; பிடித்துவைக்கப்பட்ட கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடுவதாக யாக்கோபின் நிருபம் சொல்கிறது. இதை இந்த வட்டாரத்திலேயே சிலர் பொருட்படுத்தியதுண்டு. காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோர், மிராசுதாரர்களிடம் கடனால் கட்டுண்டு கிடந்த பண்ணைக் கூலிகளான படியாட்களின் நிலையை எழுதி எழுதி வெளிக்கொணர்ந்தனர். ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அரசாணை வந்தது, ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி பின்னாளில் கைமாறிப்போனது துயரம். எனினும், ஞாயிறு ஆராதனையோடு நில்லாமல் கடன் கணக்கைப் புரட்டிப் பார்த்ததே அவர்கள் செய்த உண்மையான கிறித்தவச் செயல்.

இன்று பண்பாடு வேறு திசையில் மாறுகிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கிறது. அசல் ஜரிகை என்று சொல்லிப் போலியைத் தள்ளுவதும் நடக்கிறது. சில்க் மார்க் முத்திரை பட்டின் தூய்மைக்குச் சான்று, கூலியின் நேர்மைக்கு அன்று. தமிழ்க் கிறித்தவ மணப்பெண் வெள்ளையிலோ சந்தன நிறத்திலோ ஜரிகைக் கரையிட்ட காஞ்சிப் பட்டுடுத்திப் பீடத்தின் முன் நிற்கிறாள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்துத் தடையுண்டா என்று கேட்கும் திருச்சபை, அந்தச் சேலை நெய்யப்பட்ட விதத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. திருமண ஆயத்த வகுப்பில் அதற்கு அரைமணி நேரம் ஒதுக்குவதும், கூலி விகிதம் எழுத்தில் உள்ள கூட்டுறவுச் சங்கங்களில் சேலை எடுக்கச் சொல்வதும் எந்தச் சபைக்கும் இயலாத காரியம் அல்ல. கூலிச் சீட்டில் உதவியாளின் பெயரும் பங்கும் தனியே எழுதப்படுகின்றனவா என்று கடையில் கேட்கும் உரிமை, பணம் கொடுத்து வாங்கும் அந்தக் குடும்பத்துக்கு இன்றே இருக்கிறது.