டீலருக்கு வரிச்சலுகை, ஆடுபவருக்கு வரிச்சுமை: லாஸ் வேகாஸில் ஒரு 'டிப்ஸ்' பஞ்சாயத்து

லாஸ் வேகாஸ் கேசினோ ஒன்றில் பிளாக்ஜாக் ஆடி ஜெயித்தவர், கிளம்பும்போது 5 டாலர் சிப் ஒன்றை டீலர் பக்கம் தள்ளிவிடுகிறார். டீலர் அதை மேசையில் 'டக்'கென்று தட்டிக் காட்டிவிட்டு, பக்கத்தில் உள்ள பெட்டிக்குள் போடுகிறார். பாக்கெட்டில் போட முடியாது, தலைக்கு மேலே கேமரா இருக்கிறது. இந்தச் சின்ன சிப்தான் அமெரிக்காவில் ஒரு தேர்தல் வாக்குறுதியாகவே மாறியது.

2024 ஜூனில் லாஸ் வேகாஸ் கூட்டத்தில் 'டிப்ஸுக்கு வரி கிடையாது' என்றார் ட்ரம்ப். ஆகஸ்டில் அதே ஊரில் கமலா ஹாரிஸும் அதையே சொன்னார். நெவாடாவில் இழுபறிப் போட்டி, டிப்ஸை நம்பிப் பிழைப்பவர்களும் ஏராளம். இரண்டு பேருக்குமே கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

2025 ஜூலை 4-ல் அது சட்டமானது. ஆனால், முழு விலக்கு இல்லை. 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு அதிகபட்சம் 25,000 டாலர் டிப்ஸை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். தனிநபர் வருமானம் 1.5 லட்சம் டாலரைத் தாண்டினால் சலுகை படிப்படியாகக் குறையும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் வழக்கம்போலத் தொடரும்.

சம்பளம் வேறு, வருமானம் வேறு

நெவாடாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். பல டீலர்களின் அடிப்படைச் சம்பளம் இதை ஒட்டித்தான். வீட்டு வாடகை, கார் தவணை எல்லாம் டிப்ஸில்தான் ஓடுகிறது. அவர்கள் வழக்கில் இதற்குப் பெயர் 'டோக்'. பெரும்பாலான கேசினோக்களில் எல்லோருடைய டோக்கையும் ஒன்றாகச் சேர்த்து, வேலை பார்த்த மணிநேரப்படி பிரித்துக்கொள்வார்கள். போக்கர் டீலர்கள் மட்டும் பொதுவாக அவரவருக்கு வந்ததை அவரவரே வைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பொதுப் பணத்தில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2006-ல் வின் லாஸ் வேகாஸ் நிர்வாகம், டீலர்களின் டிப்ஸில் மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு என்று விதியை மாற்றியது. கொதித்துப்போன டீலர்கள் அடுத்த ஆண்டே யூனியனுக்கு வாக்களித்தார்கள். வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. தொழிலாளியின் டிப்ஸில் மேலாளர், மேற்பார்வையாளர் பங்கு எடுக்கக்கூடாது என்ற மத்திய சட்டம் 2018-ல்தான் வந்தது.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஹோட்டல் பில் மாதிரி இத்தனை சதவீதம் என்ற கணக்கு இங்கே இல்லை. நேராகச் சிப் கொடுக்கலாம். இல்லையென்றால் டீலர் பெயரில் ஒரு சின்னப் பந்தயம் வைக்கலாம். ஜெயித்தால் அந்தப் பணம் டீலருக்கு. டீலர்களுக்கு இரண்டாவது வழியிலும் வருத்தமில்லை, ஆடுபவரும் டீலரும் ஒரே கட்சி ஆகிவிடுகிறார்களே!

ஆடுபவர்கள் பக்கமும் மனக்குறை உண்டு. முன்பு 10 டாலர் வைத்து பிளாக்ஜாக் அடித்தால் 15 டாலர் கிடைத்தது. இப்போது பல மேசைகளில் 12 டாலர்தான். கையிலிருக்கும் பணம் சீக்கிரம் கரைந்தால் டிப்ஸ் எங்கிருந்து வரும்? விதியை மாற்றியது நிர்வாகம், கடுகடுத்த முகத்தைப் பார்ப்பது டீலர். கூலியை உயர்த்தாமல் அந்தப் பாரத்தையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நிர்வாகத்துக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தப் பேச்சே கிடையாது. அங்கே கேசினோ ஊழியர்கள் டிப்ஸ் வாங்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

அதே சட்டம், இன்னொரு பக்கம்

டீலருக்குச் சலுகை தந்த அதே சட்டம், சூதாடுபவருக்கு ஆப்பு வைத்திருக்கிறது. முன்பு ஜெயித்த தொகை வரை தோற்றதை முழுசாகக் கழிக்கலாம். 2026 முதல், தோற்றதில் 90 சதவீதம் மட்டுமே. அதாவது, ஒருவர் ஆண்டு முழுக்க ஆடி 1 லட்சம் டாலர் ஜெயித்து, அதே 1 லட்சத்தைத் தோற்றாலும், கையில் வராத 10,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும்.

பெரிய தொகை வைத்து ஆடுபவர்களையும் தொழில்முறை ஆட்டக்காரர்களையும்தான் இது அதிகம் பாதிக்கும். தாராளமாக டிப்ஸ் கொடுப்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதுதான் டீலர்களின் கவலை. பழைய விதியைத் திரும்பக் கொண்டுவர, லாஸ் வேகாஸ் எம்.பி. டீனா டைட்டஸ் 2025 ஜூலையிலேயே ஒரு மசோதா தாக்கல் செய்தார்.